ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

திங்கள் முதல் சனி வரை
என் விரல்களுக்கு எண்ணெய் ஆகாது.
நூலில் கறை பட்டால்
கூலியில் பிடிப்பார் நஞ்சுண்டன்.
கொதிதண்ணீரில்
கூட்டின் நுனி தேடித் தேடி
கணுக்கணுவாய் வீங்கியவை
விடிகாலையில்
ஜாக்கெட் கொக்கிக்குக்கூட மடங்குவதில்லை.

சனி ராத்திரி
தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் மூட்டை இறக்கிவிட்டு
பாலக்கோட்டுக் கடைசி பஸ்ஸில் வருவான் மாதப்பன்,
மடியில் நொச்சித் தழையோடு.
முடக்கத்தான் எங்கள் வேலியிலேயே கிடக்கிறது.
விளக்கெண்ணெயில் சடசடப்பு அடங்கியதும் இறக்கி,
ஆறவைத்து,
கோபித்துக்கொண்ட பிள்ளையை அழைப்பதுபோல்
ஒவ்வொரு விரலாக நீவுவான்.
வலி போகாது.
கொஞ்சம் தள்ளி உட்காரும், அவ்வளவுதான்.
பெரியாஸ்பத்திரி மாத்திரையை அவன்தான்
உறை கிழித்துத் தருகிறான்.

போன ஞாயிறு கிண்ணத்தில் மிச்சமிருந்தது.
‘உன் தோளைக் காட்டு’ என்றேன்.
தொட்டுவைத்தேன்; அழுத்த வரவில்லை.
‘அப்படியே வெச்சிரு’ என்றான்.
வைத்திருந்தேன்,
அடுப்பு அணைந்தது தெரியாமல்.

திங்கட்கிழமை
சீயக்காய் போட்டு மூன்று தரம் கழுவிய கை.
நூல் வெள்ளையாகத்தான் இறங்கியது.
செத்த புழு நாற்றத்துக்கு நடுவில் நின்று
மூக்கை உறிஞ்சினார் நஞ்சுண்டன்:
‘யாரும்மா இங்க
நொச்சி?’

தலை நிமிராமல்
அடுத்த நுனியைத் தேடினேன்.