எண்பத்தேழாவது மிடறு

காலை ஏழு பத்து.
பீல் நகரின் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
நேற்று மூச்சுக்குழாய் போட்டவர்களிடம்
இன்று நான் கேட்க வேண்டியது ஒன்றுதான்:
விழுங்கும்போது நோகிறதா?
பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்.

கேட்பவளுக்குத் தெரியக்கூடாது
யாருக்கு எந்தக் குழாய் என்று.
உறையைக் கிழிக்கும் நேரம் நான் அறைக்குள் இல்லை.
வழமையான வில் வளைவா,
நுனி மட்டும் மேல்நோக்கி மடங்கியதா,
அது டாக்டர் ஏபர்ஸோல்டுக்கும் கணினிக்கும் இடையில்.

ஆனால் பதினொரு வருடம் அந்த அறையில் நின்றவள்.
திரையில் பார்த்திருக்கிறேன்,
ஈரச் சிவப்புக்குள் இரண்டு வெள்ளை நாண்கள்,
நடுவே முக்கோணமாய் இருட்டு.
கமெரா மூலை திரும்பிப் பார்த்துவிடும்.
குழாய் திரும்பாது.
கண்ணுக்கு எட்டியது கைக்கு எட்டாமல்
நுனி போய் வலப்பக்கக் குருத்தெலும்பில் முட்டும்,
பின்வாங்கும், மறுபடி முட்டும்,
வெறியில் வந்தவன் சாவித்துவாரம் தேடிக்
கதவைக் கீறுவதுபோல.
"இடப்பக்கம் சுழற்று" என்பார் யாரோ.
தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து.
பிறகு சட்டென்று உள்ளே.
நாங்கள் எல்லாரும் மூச்சு விடுவோம்,
படுத்திருப்பவருக்கு இயந்திரம் விடும்.

குரல்வளை என்று பெயர் வைத்தவனுக்கு
வளைவு தெரிந்திருக்கிறது.

மதாம் ஷாத்லேன்,
கைக்கடிகாரத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம்
மணலைவிடச் சிறிய திருகாணிகளோடு இருந்தவர்,
"மூன்றரை" என்றார்.
படிவத்தில் அரைக்கு இடமில்லை என்றேன்,
பிரெஞ்சில், மன்னிப்போடு.
"என் மேசையில் அரையை விட்டிருந்தால்
ஒரு கடிகாரமும் ஓடியிராது."
மூன்று என்று எழுதினேன்.
நான்கு என்றும் எழுதியிருக்கலாம்.

குலநாயகம். குடலிறக்கம்.
ஏரிக்கரை உணவகத்தில் பாத்திரம், பிறகு அடுப்பு.
ஜெர்மனில் கேட்டேன், பிறகு தமிழில்,
விழுங்கேக்க நோகுதோ அண்ணை?
"பரவாயில்லை."
எத்தினை?
"பரவாயில்லை எண்டுறன், பிள்ளை."
பரவாயில்லை என்பது எத்தனையாம் எண்?
பூச்சியமா? ஏழா?
தேநீரை மூன்று தடவை வாயருகே கொண்டுபோய்
மூன்று தடவையும் கீழே வைத்தார்.
கண்டதை எழுத அந்தத் தாளில்
ஒரு கட்டமும் இல்லை.

மார்கழியில் என் பித்தப்பை.
சம்மதப் பத்திரத்தில் நானே கையெழுத்திட்டேன்,
எண்பத்தேழு என்று ஓர் எண் ஆனேன்.
"நல்லதாய் எதையாவது நினையுங்கள்"
முகமூடிக்கு மேலிருந்து ஏபர்ஸோல்ட்.
நான் நுனியை நினைத்தேன்.

மறுநாள் லியோனி வந்தாள்,
என் படிவம், என் பேனா, என் கேள்வி,
நான் கேட்கும் அதே சாய்வில் தலை.
தண்ணீர் குடித்து விழுங்கினேன்.
தொண்டைக்கும் மிடறு, ஒரு வாய்த் தண்ணீருக்கும் மிடறு,
எங்கள் மொழியில் இரண்டும் ஒன்றென்று
அவளுக்குச் சொல்ல நினைத்த அந்தக் கணம்
மிடறு மிடற்றில் உரசி இறங்கியது.
வலப்பக்கமாக.
முட்டினார்களா? ஒருதரமா, இரண்டா?
எந்த வளைவு எனக்கு விழுந்தது?
உறைக்குத் தெரியும். உறை என்னிடம் இல்லை.

"பரவாயில்லை" என்று வந்துவிட்டது.
என்ன, என்றாள், பேனா அந்தரத்தில்.
இரண்டு என்றேன்,
குரல் கொஞ்சம் பிந்தி,
வேறு யாருடையதோ போல.
எழுதிக்கொண்டு போனாள்.

பத்தரைக்கு ஒரு கரண்டித் தயிர்.
அது நான்கு.
கை மணியருகே போனது,
அழுத்தவில்லை,
தயிருக்கே திரும்பியது.