நாலு அங்குலம்

தார்ப்பாயை உருவியதும் முதலில் வந்தது பூனை.
பிறகு கான்டெஸா.
ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு நீள பானெட்,
உள்ளே எஞ்சின் இல்லை.
எஞ்சின் தனியாக ஒரு கோணியில்,
கியர்பாக்ஸ் ஜெயசீலன் வீட்டுக் கட்டிலுக்கடியில்.
எல்லாம் சேர்த்து எழுபதாயிரம்,
பூனை கணக்கில் வராது என்றார்.

எர்ணாவூரில் இரும்பு வைத்திருப்பவனுக்குத் தெரியும்,
கடல் கீழிருந்து தின்னும்,
அனல்மின் சாம்பல் மேலே மூடி மறைக்கும்.
ஸ்க்ரூடிரைவரால் தரையைத் தட்டினேன்.
அப்பளம்.
இடது சீட்டில் கால் வைக்கும் இடத்தில்
என் கை முழங்கை வரை போய்
மண்ணைத் தொட்டது.

துரு எனக்குப் பழக்கம்தான்.
கன்டெய்னர் யார்டில் பகலெல்லாம் அதைத்தான் வெட்டுகிறேன்.
பழக்கமில்லாதது அந்த ஓட்டை.
எஞ்சினுக்கும் ஆளுக்கும் நடுவிலுள்ள சுவரை
நாலு அங்குலம் உள்ளே வாங்கி
கிரைண்டரால் பொறுமையாக வெட்டி
விளிம்பைக்கூட அரத்தால் தேய்த்து வைத்திருந்தார்.
ஆறு சிலிண்டர் வரப்போகிறது என்று
பதினொரு வருடம் முன்பு வெட்டியது.
துறைமுகத்தில் ஒருத்தன் முன்பணம் வாங்கினானாம்.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.
நானும் பேரம் பேசவில்லை.

ஒயரிங் தஸ்தகீர் பார்த்தான்.
ஒவ்வொரு ஒயரிலும் காகித டேப், பேனா எழுத்து:
'ஹார்ன்.' 'பின்னாடி லைட்.' 'ஃபேனா?'
'அப்புறம் பாக்கலாம்.'
ஒரு சிவப்பு ஒயரில் மட்டும்
கோணல்மாணலாக: 'தொடாதே.'
மூன்று மாதம் அவன் தொடவில்லை.
படுத்திருக்கும் நாயைச் சுற்றி நடப்பதுபோல
அதைச் சுற்றியே வேலை செய்தான்.
கடைசியில் போன் போட்டால்
ஜெயசீலன் கொஞ்சம் யோசித்து,
அது எம்பொண்ணு எழுதுனதுப்பா, யூகேஜி படிக்கசொல்ல,
அவகிட்ட நான் சொல்லிக்கினே இருப்பேன்ல, அதான், என்றார்.
அந்த ஒயர் எங்கேயும் போகவில்லை.
தஸ்தகீர் அதை வெட்டவும் இல்லை.

சுவரை அடைப்பதா வேண்டாமா,
மழைக்காலம் முழுக்க இதே பேச்சு.
அடைத்தால் பழைய நாலு சிலிண்டரோடு ரோட்டுக்குப் போகலாம்.
அடைக்காவிட்டால் இன்னொரு முன்பணம்,
இன்னொரு பதினொரு வருடம்.
நடு ராத்திரி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே தோன்றியது:
இருக்கிற எஞ்சினையே
அந்தப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால்?

தள்ளினோம்.
கழித்துப்போட்ட கன்டெய்னர் கதவில் தகடு வெட்டி
சுவருக்கு ஒரு பெட்டி கட்டினேன், தரைக்கு ஒரு துண்டு.
தரைத் துண்டில் ஏதோ கப்பல் கம்பெனி பேர்
பாதி எழுத்தோடு நின்றது.
எஞ்சின் பின்னால் போனதால்
ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை
வியாசர்பாடி லேத்தில் குறைத்தார்கள்,
அதுவும் சரியாக நாலு அங்குலம்.
இரண்டு கார்புரேட்டர், அகலமான பின் டயர்,
சைலன்ஸரைப் பற்றிப் பக்கத்துத் தெரு பேசிக்கொண்டது.
மூக்கு லேசாகிவிட்டது. ஒடித்தால் ஒடிந்தது.

ஜெயசீலன் தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்,
கையில் சாவி.
விற்கும்போது கொடுக்க மறந்தாராம்.
ஸ்டார்ட்டுக்கு நாங்கள் பட்டன் வைத்துவிட்டோம்,
சாவி இனி டிக்கிக்கு மட்டும்.
டிக்கியைத் திறந்தார், மூடினார்,
இன்னொரு தடவை திறந்தார்.

எண்ணூர் ரோட்டில் இரண்டு மணி.
டிரெய்லர்கள் வரிசையாகத் தூங்கின.
மூன்றாவது கியரில் அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை.
ரிவர்ஸ் இன்னும் விழாது, இடது கண்ணாடி இறங்காது,
அதையெல்லாம் கத்திக்கொண்டே ஓட்டினேன்.
வளைவு வந்தபோது ஓரக்கண்ணில் பார்த்தேன்:
இடது சீட்டில், பாதி எழுத்தின்மேல்,
அவர் வலது கால்
இல்லாத பிரேக்கை
அழுத்தமாக மிதித்துக்கொண்டிருந்தது.