ஸ்கொயர் லெக்

ரெமிஜியுஸ் வீசிய பந்துகளை
இடது உள்ளங்கையில் இன்னும் வைத்திருக்கிறேன்.
சுண்டுவிரல் மடங்காது.
அது புதுமடம் அரையிறுதி.

கச்சான் எதிரே அடித்தால்
மற்றவன் பந்து பாதியில் நொண்டும்.
இவனுடையது காற்றுக்குள் புகுந்து
கடைசி முழத்தில் உள்ளே திரும்பும்,
வலையை மோந்த பாரை
சட்டெனத் திரும்புமே, அப்படி.

உச்சிப்புளிக்காரர்கள் மேட்சுக்கு ஐந்நூறு பேசுவார்கள்.
தொண்டிக்காரர்கள் பஸ் காசும் பிரியாணியும்.
எங்கள் வேதாளைக்கு ஒரேயொரு முறை சும்மா ஆடினான்,
அடுத்த ஞாயிறு எனக்கு நிக்காஹ் என்பதால்.
ஒரே வருசத்தில் முப்பத்தொரு ஊர்ச் சட்டை.
ஒன்றின் முதுகில் மட்டும் பெயர் இருந்தது,
போன வருசம் ஆடியவன் பெயர்.

ஏழு வயதில் வத்தையிலிருந்து விழுந்து
ஒடிந்த முழங்கை.
எலும்பு கூடிவிட்டது, கை நிமிரவில்லை.
டெய்லர் மட்டும்
இரண்டு கைக்கும் தனித்தனியே அளவு எழுதிக்கொள்வார்.

ராமநாதபுரத்தில் மாவட்ட அணித் தேர்வு.
தோல் பந்து, இரவல் வெள்ளை உடுப்பு.
மூன்றாவது பந்துக்கே
ஸ்கொயர் லெக்கில் நின்றவர் கையை நீட்டினார்.
நான்காவதுக்கும்.
ஐந்தாவதுக்கும்.
"தம்பி, நீ வீசல, எறியிற."
சட்டையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினான்.
பார்த்தார். வருத்தமாகத்தான் பார்த்தார்.
நீட்டிய கையை இறக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில்
பெருங்குளம் தாண்டும்வரை நான் அந்த மனுசனைத் திட்டினேன்.
அவன் மிக்சர் தின்றுகொண்டிருந்தான்.

அப்புறமும் ஆறு வருசம் ஆடினான்,
உப்பளத்து ஓரம், கருவேலை வெட்டிய பொட்டல்,
நடுவர் எவரும் முழங்கையைப் பார்க்காத ஊர்களில்.
தோள் ஒரே பந்தில் போகவில்லை.
பல் விளக்கும் கை மாறிய காலையில்
அவன் மனைவிதான் முதலில் கண்டாள்.

இப்போது மண்டபம் ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை.
கொக்கி இடது கையில்.

போன மாதம் அங்கே ஒரு பையன்
செல்லில் காட்டினான்:
அமெரிக்காவில் ஏதோ ஆட்டம்.
சின்ன மண்மேடு. மேலே ஒருத்தன்
முழங்கையை மடக்கித் தோளுக்குப் பின்னே கொண்டுபோய்
எறிகிறான், சத்தியமாக எறிகிறான்.
ஒருத்தரும் கை நீட்டவில்லை.
"கோடிக்கணக்குல சம்பளம்ணே."

ரெமி மூன்று தடவை பார்த்தான்.
ஐஸ் தண்ணி அவன் காலைச் சுற்றிப் போனது.
"நின்ன எடத்துலருந்தேவா?
ஓடி வர வேணாமா?"

போனைக் கொடுத்துவிட்டுக்
கொக்கியை எடுத்தவன், என்னைப் பார்த்து,
"ஓடி வர்றதுலதானடா காதரு
சொகமே."