மீதி ஐந்து

எத்தனை பேர் வருவார்கள் என்று
ஏகப்பனுக்கே தெரியவில்லை.
ஒன்பது என்றார், பிறகு பன்னிரண்டு,
சென்னைக்காரர்களும் வந்தால் பதினான்கு.
"பதினாறைத் தாண்டாது, எழுதுங்க."

நேமத்தான்பட்டி வீடு
நாற்பதாயிரம் சதுர அடி.
இத்தனை கூறு என்று இன்றே பத்திரத்தில் ஏற வேண்டும்,
எத்தனை பேர் கையெழுத்திட்டாலும்
பின்னம் விழக் கூடாது.
விழுந்தால் கோர்ட்டில் இருபது வருஷம்.

அதனால் அந்த எண்ணை எடுத்தேன்:
ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது.
எழுதிப் பாருங்கள், 720720,
சொன்னதையே திரும்பச் சொல்லும் எண்.
எழுநூற்றிருபதை ஆயிரத்தொன்றால் பெருக்கியது.
ஆயிரத்தொன்று பார்க்க மொய்ப் பணம் மாதிரி இருக்கும்;
கவரைப் பிரித்தால்
ஏழு, பதினொன்று, பதின்மூன்று:
யாருக்கும் வளையாத மூன்று பேர்.

ஒன்று முதல் பதினாறு வரை
எதனால் வகுத்தாலும் மிச்சம் வைக்காது.
இதைவிடச் சின்ன எண் எதற்கும் அந்த மனசு இல்லை.
எட்டுப் பேரா, ஆளுக்குத் தொண்ணூறாயிரத்துத் தொண்ணூறு.
பன்னிரண்டா, அறுபதாயிரத்து அறுபது.
பதின்மூன்று பேர் வந்து சண்டை போட்டாலும்
ஐம்பத்தையாயிரத்து நானூற்று நாற்பது, சுத்தமாக.
இரவு பதினோரு மணிக்கு இதைப் பார்த்துத்
தனியாகச் சிரித்த ஆடிட்டர்
நான் ஒருத்திதான் இருப்பேன்.

கையெழுத்து நாளில் பதினாறு நாற்காலி.
பதினேழாவதாக ஈப்போவிலிருந்து உண்ணாமலை.
அவள் நீட்டிய தாளில் அப்பா பெயரைப் படித்தவர்கள்
ஒன்றும் பேசாமல்
அடுத்தவர் கையில் கொடுத்தார்கள்.

பங்கு, பகுதி, பகை, எல்லாம் ஒரே வேர்.
பதினேழு பகா எண்.

கால்குலேட்டரில் போட்டேன்.
ஈவு நாற்பத்திரண்டாயிரத்து முன்னூற்றுத் தொண்ணூற்றைந்து,
மீதி ஐந்து.

"அந்த ஐந்தையும் அவளுக்கே கொடுத்துடலாமே"
என்றார் ஒருவர், பெருந்தன்மையாக.
ஒரு கூறு எட்டுச் சதுர அங்குலம்.
காலடியில் இருக்கும் பூப்போட்ட கல்
எட்டுக்கு எட்டு.
ஐந்து கூறு என்றால் முழுக் கல்கூட இல்லை,
பூவில் முக்கால்வாசி வருவதே சந்தேகம்.
ஈவு என்றால் கொடை என்றும் பொருள் உண்டு.
சொல்லவில்லை.

பதினேழால் பெருக்கிவிடலாம்.
ஒரு கோடியே இருபத்திரண்டு லட்சத்துச் சொச்சம்.
பத்திரம் முழுக்க மறுபடி அடிக்க வேண்டும்,
ஒரு கூறு சுருங்கிக்
கைநாட்டைவிடச் சிறிதாகிவிடும்.
பேனாவை மூடி வைத்தபோதுதான் பார்த்தேன்,
பதினெட்டு வகுபடுகிறது.
முதலிலிருந்தே வகுபடுகிறது.
அந்த எண் பதினேழுக்கு மட்டும்தான் கதவைச் சாத்தியிருக்கிறது.

"இன்னொருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே"
என்றேன், விளையாட்டாக.

"தம்பி இருக்கான். வர மாட்டேன்னுட்டான்.
அந்த வீட்ல நமக்கு என்ன இருக்குன்னு கேட்டான்."

நாற்பதாயிரத்து நாற்பது.

அவன் பெயர் என்ன என்றேன்,
பேனாவைத் திறந்து.