இடைவெளி உட்பட

நாலாயிரம் எழுத்துக்குள் சொல்ல வேண்டுமாம்,
ஏன் பல் என்று.
இடைவெளியும் கணக்கில் சேரும்.

முதல் வரைவு, இரவு பதினொரு மணி:
'சிறுவயது முதலே என் கனவு.'
பொய்.
சிறுவயதில் லிஃப்ட் இயக்குகிறவளாக வர நினைத்தேன்,
கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் எங்கள் லிஃப்ட்
எந்நாளும் பழுதாய்க் கிடந்ததால்.
பிறகு மருத்துவம். அதை எல்லோரும் நினைத்தார்கள்,
எனக்கும் சேர்த்து.
இசெட் புள்ளியில், தசமத்துக்கு அப்பால்,
நகம் நுழையாத ஓர் இடைவெளியில் விழுந்தேன்.
மருத்துவமும் போனது, பேராதனைப் பல்லும் போனது.
இப்போது கடல் தாண்டி ஒரு கல்லூரி
ஏன் என்று கேட்கிறது.

கைத்திறனுக்குச் சான்றாகப் படம் வேண்டும்.
மஞ்சள் சவர்க்காரத்தில் மேல் கடைவாய்ப் பல் செதுக்கினேன்,
மூன்று வேர், நாலு முகடு,
பழைய சேலைப் பின்னும் சவரக் கத்தியும் கொண்டு.
படமெடுத்து முடிந்ததும்
அம்மா அதைக் குளியலறையில் வைத்துவிட்டார்.
வெள்ளிக்கிழமைக்குள் முகடுகள் இல்லை.
"நல்லா நுரைக்குது," என்றார்.

பரிந்துரைக் கடிதத்துக்கு
பம்பலப்பிட்டி இரசாயன சேரிடம் போனேன்.
அறுநூறு பேருக்கு ஒலிவாங்கியில் பாடம் நடத்துகிறவர்.
"உங்கட பேர் என்ன மகள்?" என்று கேட்டுவிட்டு
'நெருக்கமாக அறிவேன்' என்று எழுதினார்.
சமாதான நீதவானின் முத்திரையில் மை காய்ந்திருந்தது;
என் பிறப்புச் சான்றிதழ்
பாதிதான் உண்மைப் பிரதி.

மருதானைக் கிளினிக்கில் எண்பது மணித்தியாலம்.
உறிஞ்சுகுழாய் பிடிப்பது என் வேலை,
சில நேரம் மொழியைப் பிடிப்பது.

அன்றைக்கு ஸ்டெனிஸ்லாஸ் வந்தார்,
முகத்துவாரத்திலிருந்து, நூற்றைம்பத்தைந்தில் நின்றபடியே.
மீன் ஏலம் கூறுகிறவர்.
இருபது வருடப் பாக்கு
அந்த வாயை இரண்டு விரலுக்கு இறுக்கிவிட்டிருந்தது.
டாக்டர் தில்ஹானி சிங்களத்தில் கேட்டார், வலி எப்படியென்று.
நான் தமிழில் அடுக்கினேன்:
குத்துதா, இழுக்குதா, விண்விண் எண்டு தெறிக்குதா?
"ஒண்டுமில்ல பிள்ள. கூசுது."

ஹிரி வெட்டெனவா என்றேன் டாக்டரிடம்.
அவர் தலையசைத்துக் குளிர்காற்றுக் குழாயை எடுத்தார்.
எனக்குத்தான் எங்கோ இடித்தது.
ஸ்டெனிஸ்லாஸ் வாயைப் பொத்திய கையை
இன்னும் எடுக்கவில்லை.
பல் கூசினாலும் ஆள் கூசினாலும்
எங்களுக்கு ஒரே சொல்.
முகத்தில் துவாரம் என்று ஊருக்கே பெயர்,
அங்கிருந்து வந்தவருக்கு வாய் திறக்க வெட்கம்.

"அங்கிள், கூசுறது பல்லா, நீங்களா?"

சிரித்தார்.
அகலமாக ஒன்றுமில்லை,
சிறு கண்ணாடி நுழையும் அளவுக்கு.
அது போதும்.
கன்னத்தின் உட்புறம்,
சுண்ணாம்பு தடவிவிட்டுத் துடைக்க மறந்ததுபோல்
ஒரு வெள்ளைத் திட்டு.
டாக்டர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.
வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்கு
ஒரு துண்டு எழுதினார், கையெழுத்து விளங்கும்படி.
அவர் அப்படி எழுதி நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து கனவை அழித்தேன்.
ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போனேன்,
காற்றுக் குழாய், பாக்கு, பொத்திய கை.
அந்தச் சொல்லுக்கு வந்ததும் விரல் நின்றது.
எதை வைத்தாலும் பாதிதான் வந்தது,
நீதவானின் முத்திரைபோல.
கடைசியில் கூசுது என்பதை அப்படியே
ஆங்கில எழுத்தில் வைத்தேன்.
அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது.
இருக்கட்டும்.

இன்னும் எழுபத்தொரு எழுத்து மிச்சம்.
நிரப்பவில்லை.

ஸ்டெனிஸ்லாஸுக்கு முடிவு செவ்வாய்க்கிழமை.
எனக்கு மாசியில்.
லிஃப்ட் இன்றைக்கும் வேலை செய்யவில்லை;
நான்காம் மாடியில் மூச்சு வாங்க நின்று
நாக்கால் என் பற்களை ஒருமுறை எண்ணினேன்,
பின்னாலிருந்து முன்னுக்கு.