மூன்றில் ஒரு பங்கு

மேயோ ஹாலில் கொடுத்த தீர்ப்பு
முப்பத்தொரு பக்கம்.
மாடிப்படியிலேயே உட்கார்ந்து
வக்கீல் ரேணுகப்பா வரியைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்:
வலது கைக்கு ஊனம் நாற்பத்திரண்டு சதவீதம்.
கை முழு உடம்பு இல்லையே,
ஆகவே மூன்றால் வகுக்கப் பதினான்கு.

கணக்கில் பிசகில்லை.
தோளில் தகடு ஒன்று, திருகாணி ஏழு.
ஏற்றிவிட்டு நிற்காமல் போன தண்ணீர் லாரி
எந்த அடுக்குமாடிக்கோ
அன்றைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

வருமானத்துக்கு அத்தாட்சி இல்லையாம்.
பரோட்டாக் கல்லுக்கு எவன் சம்பளச் சீட்டு தருவான்?
ஒன்பது வருஷம், ராத்திரிக்கு முன்னூறு.
முதலாளி கூண்டில் ஏறி
"எப்பவாவது வருவாரு" என்று சொல்லிவிட்டு
என் பக்கம் திரும்பாமல் இறங்கினார்.

சத்துணவு, ஆட்டோ, துணைக்கு இருந்த ஆள்,
மூன்றுக்கும் சேர்த்துப் பத்தாயிரம்.
துணைக்கு இருந்த ஆள் இசக்கியம்மா.
என் லுங்கியை அவிழ்த்துக் கட்டிய எழுபது நாளில்
அவள் பார்த்த மூன்று வீட்டு வேலையும் போனது.
அதற்கு ஒரு வரி இல்லை.

"வேறென்ன குறை?"
பஸ்ஸில் மேல்கம்பி எட்டவில்லை என்றேன்.
"அது வசதி இழப்பு,
முப்பதாயிரத்துக்குள் வந்துவிட்டது."

மேல்முறையீடு போட்டோம்.
இன்சூரன்ஸ் கம்பெனியும் போட்டது,
கொடுத்தது அதிகம் என்று.
இரண்டு கட்டையும் ஒரே நாடாவில் கட்டி
ஹைகோர்ட்டில் வைத்திருக்கிறார்கள்.
பட்டியலில் எங்கள் நம்பர் எண்பத்தேழு.
சாயங்காலம் வரைக்கும் நாற்பதைத் தாண்டாது.

ஒரு நாள் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்,
இடது கை பழகிவிட்டால் என்ன ஆகும் என்று.
"பதினான்கு எட்டாகும்."
பேனாவை மூடிக்கொண்டார்.
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

ராத்திரி பதினொன்றுக்கு மேல்
கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு
இடது கையால் வீசுகிறேன்.
முதல் மாதம் மாவு சுவரில் போய் ஒட்டியது.
அப்புறம் கிழிந்தது.
அப்புறம் கிழிந்தாலும் விரிந்தது.

நேற்று,
விளிம்பு பிரியாமல், பல்பின் வெளிச்சம்
மறுபக்கம் தெரிகிற மெலிசாக
அது பலகையில் வந்து படுத்தது.
தட்டுவதற்குக் கைகளைத் தூக்கிய இசக்கியம்மா
பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு
சத்தமில்லாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி.