நாற்பத்தொன்று

எங்கள் வீட்டில் அந்த எண் ஒன்றுக்குத்தான் பயம்.
தர்மகுலனுக்கு அது எழுநூற்றைத் தாண்டிய அன்று
தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்,
கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில்.
கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.
மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன், மேல்வீடு,
வெளியே வளைந்திறங்கும் இரும்புப் படி பதினேழு.
உறைபனி நாட்களில்
உப்பை எறிந்து எறிந்து முன்னால் நான்,
என் தோளைப் பிடித்தபடி பின்னால் அவர்.

ஷபனல் தெருத் தையல் ஆலையில்
துணிச்சுருள் சுமந்த தோள் இது.
கக்கத்தில் கைகொடுத்து ஒரு தூக்கு:
"ஓம், எழும்புங்கோ."
"நான் என்ன துணிக்கட்டோ?" என்பார்.
"அது இவ்வளவு முனகாது" என்பேன்.

அவர் போய் நாலு வருஷம்.
என்னுடைய எண் ஆண்டுக்காண்டு இறங்கியது.
அறுபத்திரண்டு. ஐம்பத்தைந்து. நாற்பத்தெட்டு.
"அம்மா, உங்களுக்குக் குமர்ப்பிள்ளையின்ர கிட்னி" என்றாள்
கல்கரியிலிருந்து மகள்.
கோயிலில் மூன்று பேருக்குச் சொன்னேன்.
ஒருத்திக்கு முகம் சுருங்கியது.
அதுவும் எனக்குச் சந்தோஷமாய்த்தான் இருந்தது.

இந்த மாசியில் ஓர் ஆய்வுக்குக் கூப்பிட்டார்கள்.
எழுபது கடந்தவர்களின் இரத்தத்தில்
தசை போகும் தடயத்தைத் தேடுகிறார்களாம்.
பஸ் காசும் ஒரு கோப்பியும் தருவார்களாம்.
மிரெய் என்ற ஹெயிட்டிக்காரி
நாலு குப்பி நிரப்பினாள்.
நரம்பு ஒளித்து விளையாட,
தட்டித் தட்டி அதை வெளியே கூப்பிட்டாள்.
பிறகு ஒரு இரும்புப் பிடியை நெரிக்கச் சொன்னாள்:
பதின்மூன்று கிலோ.
கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு
கதிரையை விட்டு ஐந்து தரம் எழும்பச் சொன்னாள்.
மூன்று எழும்பினேன்.
நாலாவதில் கதிரை என்னை விடவில்லை.

மீசை அரும்பாத ஒரு டாக்டர்
தாளைத் திருப்பிக் காட்டினான்.
கிரியாட்டினின், நாற்பத்தொன்று.
"நல்லம்தானே?"
அவன் பேனையை மூடினான். திறந்தான்.
இது தசை போடுகிற குப்பை அம்மா,
கிட்னி அதை வெளியே தள்ளும்.
வாசலில் குப்பை குறைந்தால்
துப்பரவு கூடிவிட்டது என்றில்லை,
வீட்டில் ஆள் குறைந்தும் இருக்கலாம்.

பிரெஞ்சில் யோசித்து அவன் இங்கிலீஷில் சொன்னதை
நான் தமிழில் கேட்ட பிழையாகவும் இருக்கலாம்.

அழற்சி கொஞ்சம் கூட, வைட்டமின் டி குறைவு,
ஒரு எண்ணை வைத்து முடிவு சொல்லமாட்டோம்,
காலையும் கையையும் சேர்த்துத்தான் பார்ப்போம்
என்று பிறகும் ஏதேதோ சொன்னான்.
நான் குப்பையிலேயே நின்றேன்.

சாதகப்படி எனக்கு இப்போது சனி தசை.
பத்தொன்பது வருஷம் இருந்துதான் எழும்புமாம்.
இந்தத் தசை வந்து குந்த
அந்தத் தசை கிளம்பிப் போய்விட்டது.
சாத்திரி இதைச் சொல்லவேயில்லை.

மெட்ரோவில் கணக்குப் பார்த்தேன்.
கிழமைக்கு மூன்று இறக்கம், மூன்று ஏற்றம், ஆறு வருஷம்.
செத்தவீட்டுக்குப் பிறகு நான் தூக்கியதென்ன?
ரிமோட். தேங்காய்ப்பால் டின்.
நாலு லிட்டர் பால்பையைக்கூட
ஒரு லிட்டர்ப் பெட்டியாக மாற்றிவிட்டேன்,
"ஒரு ஆளுக்கு என்னத்துக்கு" என்று.

பார்க் நிலையத்துக் கதவு பாரம்,
காற்று மற்றப் பக்கத்தில் நின்று தள்ளும்.
தோளைக் கொடுத்தேன். அசையவில்லை.
பின்னால் வந்த பள்ளிக்கூடப் பெட்டை கை நீட்டினாள்.
"பொறு பிள்ளை" என்றேன், தமிழிலேயே.
பொறுத்தாள்.
ஒரு சாண் திறந்தேன்.
மிச்சத்தை அவள் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை. ஆனாலும் இரண்டு முட்டை அவியவிட்டேன்.
அவருடைய பதிந்த கதிரையில் போய் இருந்து
கைகளைக் கட்டினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலாவதில்
"ஓம், எழும்புங்கோ" என்றேன்.

எழும்பினேன், அரைவாசி.
தொப்பென்று திரும்ப விழுந்த சத்தத்துக்கு
கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர்
தும்புத்தடியால் இரண்டு தரம் இடித்தார்.
காலால் நானும் இரண்டு தரம் இடித்துவிட்டு
முட்டையைப் பார்க்கப் போனேன்.